மரக்குழி என்று நான் எழுதிய இடம்

கல் மூன்று மணிக்கு வந்துவிடும் என்பதை வெர்லீன் பினியன் அன்று காலையிலிருந்து ஐந்தாவது முறையாக எனக்குச் சொன்னார். அவர் கையிலும் கடிகாரம் இருந்தது. இருந்தும் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், என்னுடையதாவது கொஞ்சம் மெதுவாக ஓடாதா என்பதுபோல.

"பதினொண்ணே கால், மிஸ் வெர்லீன். ரெண்டு கடிகாரத்துலயும் அதேதான்."

"மேற்கால மேகத்தப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா இப்படி ஆற அமரக் குத்திக்கிட்டிருக்க?"

ஆற அமரத்தான் குத்த வேண்டும். அவசரப்பட்டால் கம்பி பொய் சொல்லும். என் கம்பி ஐந்தடி நீளம், சுண்டுவிரல் தடிமன், மேலே இரண்டு கையாலும் பிடித்து அழுத்தக் குறுக்குப் பிடி. நுனியில் ஒரு சிறிய எஃகுக் குண்டு பற்றவைத்திருக்கிறேன். குண்டு கம்பியைவிடக் கொஞ்சம் பெரிது. அதனால் கம்பியின் உடம்பு மண்ணில் உரசாது, நுனி தொடுவது மட்டும் கைக்கு வந்து சேரும். யாரும் தோண்டாத மண்ணில் இரண்டடிக்குக் கீழே அது முரண்டு பிடிக்கும். ஒருமுறை தோண்டி மூடிய மண்ணோ ஐம்பது வருஷம் ஆனாலும் பழையபடி இறுகாது. கம்பி கொஞ்சம் திணறிவிட்டு, கதவைத் திறந்துவிட்டதுபோல உள்ளே போகும். அந்தக் கதவு திறப்பதைக் கையால் கேட்கத் தெரிந்தால் கல் இல்லாத கல்லறையையும் கண்டுபிடிக்கலாம். பன்னிரண்டு வருஷமாக இந்த நியூ ஓரேப் தேவாலயத்துக் கல்லறையில் அதைத்தான் செய்துவருகிறேன். குழி வெட்டுவது என் தொழில். எங்கே வெட்டக் கூடாது என்று தெரியாவிட்டால் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது.

அன்று நாங்கள் தேடியது வெர்லீனின் அப்பாவை. ஓடெல் பினியன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் ஒரே ஒரு இசைத்தட்டு, முன்னும் பின்னுமாக இரண்டு பாட்டு. அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் டெல்டாவின் சாராயக் கொட்டகைகளில் கிதாரில் ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்தார், ஐம்பத்தொன்றில் நிமோனியா வந்து இறக்கும்வரை. எங்கள் ஊரிலேயே அவர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற பழைய இசைத்தட்டு ரசிகர்கள் அந்த ஒரு தட்டைக் கேட்டுக் கேட்டுத் தேய்த்து, தங்களுக்குள் சேர்ந்து ஒரு கல் செய்ய ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனால் கல்லை எங்கே நடுவது? கல்லறை எங்கே என்று காட்ட ஓர் அடையாளமும் இல்லை.

"கல்லு கிடக்கட்டும்," என்றார் வெர்லீன். "கல்ல எங்க வேணா நடலாம். இத எங்க வேணா வைக்க முடியுமா?"

தோள்பையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்துப் பிரித்தார். நீலக் கோடு போட்ட காபிக் கோப்பை. அவருடைய அம்மா ஜனவரியில் ஃப்ளிண்டில் கண்ணை மூடுவதற்குமுன் கடைசியாகக் குடித்த கோப்பை. கடைசியாகத் தொட்ட பாத்திரத்தைக் கல்லறைமேல் வைப்பது எங்கள் வழக்கம். அம்மாவைப் பனி இறுகிய மிச்சிகன் மண்ணில் அடக்கம் செய்தாயிற்று. கோப்பை மட்டும் தன் புருஷனிடம் போக வேண்டும் என்று அம்மா கேட்டிருந்தார்.

"எந்த இடம்னு அம்மா சொல்லவே இல்லையா?"

"வாயத் திறக்க மாட்டாங்க. நான் கேட்டா ஒரே பதில்தான். 'உங்கப்பா நம்மளப் பாத்துக்கிட்டேதான் படுத்திருக்காரு.' சின்னப் புள்ளைக்குச் சொல்லலாம். ஐம்பத்தாறு வயசுக் கெழவிக்கும் அதையே சொன்னா?"

கல் ஏன் அன்றைக்கே நடப்பட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லறை பழைய ஓடைக்கரை மேட்டில் இருக்கிறது. மேட்டில் மணல் கலந்த மண், நடக்கலாம், நிற்கலாம். சுற்றி நான்கு பக்கமும் பருத்தி வயல், கரும்பிசின் களிமண். காய்ந்தால் கல், நனைந்தால் பசை. கார் போகிற ஒடுங்கிய தடம் ஒன்று கேட் வரைக்கும் உண்டு, லாரிக்கு அது போதாது. கல்லைத் தூக்கிவரும் லாரி அந்த வயலைக் கடந்துதான் மேட்டுக்கு வர வேண்டும். வயல்காரர் அடுத்த வாரம் விதைக்கிறார். விதைத்தால் அறுவடை முடியும்வரை சக்கரம் உள்ளே வைக்கக் கூடாது. மழை அதற்குள் வந்துவிட்டால் இன்றைக்கே முடியாது. ஆக, மேகத்துக்கும் விதைக்கும் நடுவில் எங்களுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

மேட்டின் ஓரத்தில் ஒரு பழுப்பு நிற ப்யூக் கார், எஞ்சின் அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. உள்ளே தேவாலயத்து மூப்பர், டீக்கன் ஆம்ஸி டாலிவர். எண்பது வயது. தேவாலயத்தின் அனுமதி அவர் கையெழுத்தில்தான் வர வேண்டும் என்பதால் வந்திருந்தார். முழங்கால் வலி என்று இறங்கவில்லை. ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை சொன்னார்.

"ஜூனியஸோட மகனே! உங்கப்பன் இந்நேரத்துக்கு ரெண்டு குழி வெட்டி முடிச்சு, மீனும் புடிச்சுட்டு வந்திருப்பான்!"

"எங்கப்பாவுக்குக் குழி எங்கேன்னு தெரியும், டீக்கன். நான் அவர் மூடினதத் தேடறேன்."

"தேடித் தேடி மேட்ட சல்லடை ஆக்கிடாத. வாசல் கேட்டுப் பக்கத்துல கல்ல வெச்சிடு. வெளியூர்க்காரன் கார நிறுத்தி போட்டோ எடுக்க வசதி."

"எங்கப்பா கேட்டுக் காவக்காரரா?" என்று இங்கிருந்தே கத்தினார் வெர்லீன்.

"சிஸ்டர், ஆத்மா பரலோகத்துல இருக்கு. கீழ எங்க இருந்தா என்ன?"

"அப்ப உங்கள கேட்டுக்கு வெளிய வெச்சிடலாமா?"

டீக்கன் கண்ணாடியைப் பாதி ஏற்றிக்கொண்டார்.

என் வரைபடத்தை என் வண்டி மூடிமேல் விரித்து வெர்லீனுக்குக் காட்டினேன். கட்டம் போட்ட தாள், ஆறு தாள்களைப் பசையால் ஒட்டியது. அதில் இருநூற்றுப் பதினொரு கல்லறை. எல்லாம் ஒரே திசையில் கிடக்கும்: தலை மேற்கே, கால் கிழக்கே. கடைசி நாளில் எக்காளம் கிழக்கே ஊதும்போது எழுந்து உட்கார்ந்தால் முகம் நேராக அதைப் பார்க்க வேண்டும். அதனால் தேடுவதும் எனக்குச் சுலபம். வடக்கிலிருந்து தெற்காகக் கோடு பிடித்து நடப்பேன், அடிக்கு ஒரு குத்து. குழிகள் கிழக்கு மேற்காகக் கிடப்பதால் என் கோடு ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டும். கடினம், கடினம், பிறகு இரண்டரை அடி மென்மை, மறுபடி கடினம். அந்த இரண்டரை அடிதான் ஒரு மனிதன். ஒரு கோடு முடிந்ததும் மூன்றடி தள்ளி அடுத்த கோடு.

ஐம்பத்தொன்றில் இறந்தவர்கள் எல்லாரும் மேட்டின் கிழக்கு மூலையில்தான் இருக்கிறார்கள், அப்போது அந்தப் பக்கம்தான் நிரம்பிக்கொண்டிருந்தது. அங்கே பெயர் தெரியாத மென்மை மூன்று இடத்தில் இருந்தது. நாள் முழுக்க அந்த மூன்றைத்தான் நம்பியிருந்தேன். முதலாவது மூன்றே முக்கால் அடி நீளம். குழந்தை. இரண்டாவதில் கம்பி சிமெண்டில் இடித்தது, ஐம்பத்தொன்றில் எங்களில் யாருக்கும் சிமெண்டுப் பெட்டி கிடையாது. மூன்றாவதுக்கு மேலே நின்றபோது டீக்கன் ஹாரன் அடித்தார்.

"அது எங்க அத்தை பெர்லி! மெதுவாக் குத்து, அவளுக்குக் கோவம் வரும்!"

மணி ஒன்று நாற்பது. மேகம் பாதி வானத்தைத் தின்றுவிட்டிருந்தது. காற்று நின்றுபோய், தூரத்து டிராக்டர் சத்தம் பக்கத்தில் கேட்டது. வெர்லீன் வழியில் வாங்கிவந்த, சோளத் தோலில் சுற்றி வேகவைத்த டமாலே பொட்டலத்தைப் பிரித்தார். ஒன்றை உரித்தார், ஒரு வாய் கடித்தார், மறுபடி சுருட்டிப் பையில் போட்டார். கேட் வரைக்கும் நடந்தார். திரும்பி வந்தார்.

"இல்லன்னு சொல்லிடு தம்பி. நேராச் சொல்லு. நான் பதினாலு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வந்தவ. இல்லங்கறதக் கேக்கவும் தெம்பு இருக்கு."

"பினியன் குடும்பத்துல வேற யாராவது…"

"யாருமில்ல. ஐம்பத்தொண்ணுல அடக்கம் முடிஞ்ச நாலாம் நாள் எங்கம்மா என்னக் கூட்டிக்கிட்டு ரயில் ஏறிட்டாங்க. திரும்பிப் பாக்கல. எனக்குப் பதினோரு வயசு. அடக்கத்துக்குக்கூட என்ன அனுப்பல. பக்கத்து வீட்டுல உக்கார வெச்சு வேர்க்கடல உரிக்கச் சொன்னாங்க."

பதினோரு வயதுப் பெண்ணை அப்பாவின் அடக்கத்துக்கு அனுப்பாமல் வைப்பது எங்கள் பக்கத்தில் கிடையாது. கைக்குழந்தையைக்கூடப் பெட்டிக்கு மேலாகக் கைமாற்றி வாங்குவோம். அது எனக்கு உறுத்தியது. வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெர்லீனும் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, விரலை ஒவ்வொரு வரிசையாக நகர்த்தினார். விரல் அதே கிழக்கு மூலையில் ஓர் இடத்தில் நின்றது.

"இது என்ன, ம.கு.?"

"மரக்குழி. மரம் பட்டுப்போனா வேர் மக்கி மண்ணு மெத்துனு ஆயிடும். கம்பி உள்ளே போகும். ஆனா அது கல்லறை இல்ல."

"எப்படித் தெரியும்?"

எனக்குப் பிடித்த கேள்வி. அந்த அவசரத்திலும் எனக்கு உற்சாகம் வந்தது. "நான் வடக்கு தெக்கா நடக்கறேன் இல்லையா? கல்லறைன்னா ரெண்டரை அடிதான் மென்மை வரும். இங்க ஏழடி தொடர்ந்து மென்மை. ஏழடி அகலக் குழியை யாரும் வெட்ட மாட்டாங்க. அதனால மரம்."

"என்ன மரம்?"

"ஏதோ மரம். பீகான் மரமா இருக்கலாம்."

"இந்தப் பக்கம் அடுத்த கோட்டுல?"

"மூணடி தள்ளி. அங்க கடினம்."

"அந்தப் பக்கம்?"

"அங்கயும் கடினம்."

வெர்லீன் கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஃப்ளிண்டுல முப்பது வருஷம் கார் கதவு சோதிச்சவ, ஹோசியா. கதவும் சட்டமும் பொருந்துதான்னு பாக்கறதுதான் என் வேல. ஏழடி நீளம், அகலம் ஆறடிக்கும் கம்மி. எந்த ஊருல மரம் பலகை மாதிரி வேர் விடும்?"

கம்பியை எடுத்துக்கொண்டு நடந்தேன். நடந்தேன் என்று எழுதுகிறேன். ஓடினேன்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் கிழக்கு மேற்காகக் குத்தினேன். கடினம். கடினம். கதவு திறந்தது. மென்மை, மென்மை, மென்மை. கடினம். நாடாவை வைத்து அளந்தேன், இரண்டு அடி ஏழு அங்குலம். மூலையைத் தேடினேன். வேர் விட்ட இடத்தில் மூலை இருக்காது, அது வழிந்து வழிந்து முடியும். இங்கே ஒரு கை அகலத்துக்குள் மென்மை முடிந்து கடினம் தொடங்கியது, அதுவும் செங்கோணமாக. மண்வெட்டி வெட்டிய மூலை.

வடக்கு தெற்காக வெட்டிய குழி. எல்லாருக்கும் குறுக்கே.

அந்த வழக்கத்தைச் சின்ன வயதில் கேள்விப்பட்டிருக்கிறேன், நம்பியதில்லை. பாவி என்று சபை முடிவு செய்தவனை உலகத்துக்குக் குறுக்கே போடுவார்களாம். எக்காளம் ஊதும்போது அவன் முகம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக. பெரியவர்கள் எங்களைப் பயமுறுத்தச் சொல்லும் கதை என்று நினைத்திருந்தேன். அதனால்தான் ஏழடி மென்மையைப் பார்த்ததும் என் கை மரம் என்று எழுதியது. எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துத்தான் படுப்பார்கள் என்று நினைத்துத் தேடுகிறவனுக்கு மரம்தான் கிடைக்கும்.

அப்போதுதான் ஏதோ ஒரு சத்தம் குறைந்திருப்பதை உணர்ந்தேன். ப்யூக்கின் எஞ்சின் அணைந்திருந்தது.

வெர்லீன் எனக்கு முன்னால் கார் பக்கத்தில் போய் நின்றார். "டீக்கன். உங்களுக்குத் தெரியும்."

ஆம்ஸி டாலிவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். "நான் அப்ப சின்ன டீக்கன். கைய தூக்கச் சொன்னா தூக்கற வயசு."

"என்ன பண்ணினார் எங்கப்பா?"

"ஊழியக் கூட்டம் நடந்த வாரம். ஏழு நாளும் இங்க பிரசங்கம். ஏழு நாளும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உங்கப்பன் வாசிச்சான். மூணாம் நாளு பாதிப் பேரு அங்க போயிட்டான். நாலாம் நாளு பாஸ்டரோட பையனே போயிட்டான்."

"அதுக்காகவா?"

"அடுத்த மாசமே செத்துப்போனான். உள்ள வைக்கவே கூடாதுன்னாங்க. பருத்திக் காட்டு ஓரத்துல வைன்னாங்க. உங்கம்மா வந்து இதோ இந்தக் கேட்டுல நின்னா, ரெண்டு நாள். அப்புறம் சரி, உள்ள வை, ஆனா குறுக்காப் போடுன்னு முடிவாச்சு. அழுவுற சனம் யாரும் வரக்கூடாது. புள்ளையும் வரக்கூடாது."

"வெட்டினது யாரு?" என்று நான் கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். அந்த வருஷங்களில் ஓரேப்பில் குழிக்கு மண்வெட்டி பிடித்தது ஒரே ஒருவர்தான்.

"வேற யாரு? உங்கப்பன்."

எங்கப்பா ஜூனியஸ் என்னிடம் எல்லாவற்றையும் விளக்குவார். மண்வெட்டியை எந்தக் கோணத்தில் தீட்டுவது, மழை நாளில் குழியின் பக்கம் சரியாமல் எப்படிப் பலகை முட்டுக்கொடுப்பது என்று. இதைச் சொன்னதில்லை.

சாலைப் பக்கம் லாரியின் ஹாரன் கேட்டது. மணி இரண்டு நாற்பது. கல்லுக்கடை டெல்மர் சொன்ன நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார், மேகத்தைப் பார்த்துப் பயந்து. லாரி வயலைக் கடந்து மேட்டில் ஏறி நின்றது. கல் ஒரு பழைய போர்வையில் சுற்றியிருந்தது.

"இறக்கற இடம் காட்டு, ஹோசியா. பத்து நிமிஷம்தான். அதுக்கு மேல நின்னா என்னையும் இங்கயே பொதச்சிட வேண்டியதுதான்."

போர்வையை விலக்கினார். ஓடெல் பினியன், பிறந்த வருஷம், இறந்த வருஷம், நடுவே ஒரு கிதார். வெர்லீன் கிட்டே போய் விரல் வைத்து எண்ணினார்.

"அஞ்சு கம்பிதான் இருக்கு."

டெல்மரின் முகம் தொங்கிப்போனது. "ஆறா? ஐயோ. போட்டோவுல அஞ்சுதானே…"

"விடு. எங்கப்பா கிதார்ல என்னிக்குமே அஞ்சுதான். ஆறாவதுக்குப் பதிலா வாயால பாடிடுவாரு."

அவர் சிரித்தது அன்று அந்த ஒரு முறைதான். சிரிப்பு அடங்குவதற்குள் டெல்மர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: "சரி, முகம் எந்தப் பக்கம்? கெழக்கதானே, வழக்கம்போல?"

டீக்கன் காரிலிருந்து இறங்கிவிட்டிருந்தார். ஒரு கை கார்க் கதவில், ஒரு கை கைத்தடியில். "கெழக்கவே வைங்க," என்றார், இதுவரை இல்லாத தாழ்ந்த குரலில். "எல்லாரையும் மாதிரி. மண்ணுக்கு மேல பாத்தா யாருக்குத் தெரியப்போகுது? சிஸ்டர், ஒங்க நல்லதுக்குச் சொல்றேன். வர்றவன் போறவனெல்லாம் உங்கப்பாவக் குறுக்காப் போட்டாங்கன்னு பேசணுமா?"

வெர்லீன் என்னைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். முதல் துளி லாரியின் தகரத்தில் டக் என்று விழுந்தது.

"தலை எந்தப் பக்கம்?"

"தெரியல."

"உன் கம்பிக்கும் தெரியாதா?"

தெரியும். அவசரத்தில் மறந்துவிட்டிருந்தேன். அந்தக் காலத்தில் எங்கப்பா குழியை ஒரே அளவாக அடிவரைக்கும் வெட்ட மாட்டார். நான்கடி வரை அகலமாக வெட்டுவார். அதற்குக் கீழே, பெட்டி எந்த வடிவமோ அதே வடிவத்தில் ஒரு சின்னக் குழி, குழிக்குள் குழி. பெட்டியை அதில் இறக்கி, சுற்றி நிற்கும் மண் விளிம்பின்மேல் பலகை போட்டு மூடுவார். அப்போதுதான் மேல் மண்ணின் பாரம் பெட்டியில் இறங்காது. ஏழைக்கு அறுக்கும் பெட்டி ஆறு பக்கப் பெட்டி: தோளில் அகலம், காலில் குறுகல். ஆக, நான்கடிக்குக் கீழே கம்பி எங்கே விளிம்பில் இடிக்கிறது, எங்கே தொடர்ந்து இறங்குகிறது என்று பார்த்தால் தோள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மனிதரைத் தொட வேண்டியதில்லை, விளிம்பைத் தொட்டால் போதும்.

வடக்கு முனையில் தொடங்கினேன். இடித்தது, இறங்கியது, இடித்தது. இறங்கிய அகலம் ஒரு சாண்கூட இல்லை. தெற்கே போனேன். மழை சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, டெல்மர் ஏதோ கத்தினார். இடித்தது. இறங்கியது. இன்னும் இறங்கியது. இன்னும். இடித்தது. இரண்டு சாண் தாண்டிய அகலம். சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறையும் பார்த்தேன், டெல்மர் திட்டினாலும் பரவாயில்லை என்று.

"தலை தெக்கால," என்றேன். "கால் வடக்கால."

டீக்கன் கைத்தடியை ஊன்றி, மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குறுக்கா வெட்டுன்னுதான் நாங்க ஜூனியஸ்கிட்டச் சொன்னோம். தலை எந்தப் பக்கம்னு யாரும் சொல்லல. அவன் போய் உங்கம்மாவக் கேட்டிருக்கான். அதுக்கும் சபையில ஒரு சண்ட ஆச்சு."

வெர்லீன் அந்த மேட்டில் நின்று, கால் முனை காட்டிய பக்கம் திரும்பினார். வயல், வயலுக்கு அப்பால் ரயில் பாதை. அது மெம்பிஸ், அதற்கும் மேலே, அதற்கும் மேலே என்று நேராக வடக்கே போகிறது. எங்கள் ஊரில் பாதிக் குடும்பம் போன பாதை, வெர்லீனும் அவருடைய அம்மாவும் போன பாதை.

"நம்மளப் பாத்துக்கிட்டேதான் படுத்திருக்காருன்னாங்க," என்றார். "ரயில் ஏறறதுக்கு நாலு நாள் முன்னாலயே டிக்கெட் எடுத்திருப்பாங்க போல."

டெல்மர் ஹாரனை அழுத்திப் பிடித்தார்.

"முகம் வடக்கால வைங்க," என்று கத்தினார் வெர்லீன். "தெக்கு முனையில நட்டு, எழுத்து வடக்கப் பாக்கணும். சீக்கிரம்!"

"அம்மா, வர்றவங்க நான் தப்பா நட்டேன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். அஞ்சு கம்பியோட அதையும் சேத்துச் சொல்லட்டும்."

கல் நட்டதை விவரமாக எழுத எனக்கு ஆசை, ஆனால் அன்று எதையும் விவரமாகச் செய்யவில்லை. நான் குழி பறித்தேன், டெல்மர் சங்கிலியை இறக்கினார், சரளையைக் கொட்டினோம். நீர்மட்டக் குழலில் குமிழ் நடுவே வந்ததா என்று ஒருமுறைதான் பார்க்க நேரம் இருந்தது. கல் சாயாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு கை தேவைப்பட்டது. டீக்கன் கைத்தடியைத் தரையில் போட்டுவிட்டு வந்து பிடித்தார். வரச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை.

வெர்லீன் கோப்பையை எடுத்து, கல்லுக்கு முன்னால் முட்டிபோட்டார். வைப்பதற்கு முன் அடியை உடைக்க வேண்டும். முழுசாக வைத்தால் அதே வீட்டில் இன்னொருவரும் பின்னாலேயே போவார் என்பார்கள். என் சுத்தியலைக் கொடுத்தேன். முதல் அடி வழுக்கியது. இரண்டாவதில் அடிப்பாகம் மட்டும் தட்டாகக் கழன்று விழுந்தது. கோப்பையை ஈர மண்ணில் கவிழ்த்து, உள்ளங்கையால் அழுத்தினார். நீலக் கோடு மட்டும் மேலே தெரியும்வரை அழுத்தி, அங்கே நிறுத்தினார்.

லாரி போகும்போது இரண்டு இடத்தில் சக்கரம் நகராமல் நின்ற இடத்திலேயே சுற்றியது. நானும் வெர்லீனும் பின்னாலிருந்து தள்ளினோம், முகமெல்லாம் கரும்பிசின். டெல்மர் தார் சாலையில் ஏறியதும் நிற்கவில்லை, கை மட்டும் ஜன்னலுக்கு வெளியே ஆடியது. வெர்லீனும் நிற்கவில்லை. ஈரத் துணியோடு காரில் ஏறி, கடித்து வைத்த டமாலேயை எடுத்து வாயில் திணித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

"காஞ்ச துணியாவது மாத்திக்கிட்டுப் போங்க, மிஸ் வெர்லீன்."

"போற வழியில காஞ்சிடும் தம்பி. பாத்துக்கிட்டிருக்காரு, நான் கெளம்பணும்."

நான் என் வண்டிக்குள் உட்கார்ந்து, மழை கூரையில் கொட்டக் கொட்ட வரைபடத்தைத் தொடைமேல் விரித்தேன். ம.கு. என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு ஓடெல் பினியன் என்று எழுதினேன். பென்சிலை வைக்கப் போனேன். வைக்கவில்லை. அதே தாளில் ம.கு. இன்னும் இரண்டு இடத்தில் இருந்தது, என் கையெழுத்தில். ஒன்று மேற்கு வேலியோரம், ஒன்று கிணற்றுக்குப் பின்னால். இரண்டும் எங்கப்பா மண்வெட்டி பிடித்த வருஷங்களின் வரிசையில்.

டீக்கனின் ப்யூக் இன்னும் கிளம்பவில்லை. மழைக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கி, அவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினேன்.